தானாகவே குளிரும் கட்டடம்

அந்தக் குடியிருப்பில் அவளை எல்லோரும் ஒட்டடையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களில் பாதிப்பேர் அவளைவிட வயதில் மூத்தவர்கள். கையில் எந்நேரமும் ஒரு நீளக் கம்பு, கம்பின் நுனியில் சுற்றிய பழந்துணி, அண்ணாந்த முகம். இந்தக் கோலத்தில் ஒருத்தி காலை ஆறு மணியிலிருந்து கதவு பூட்டும்வரை நடமாடினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கட்டி ஒரு வருடம்கூட ஆகாத கட்டடத்தில் இவ்வளவு ஒட்டடை எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் படித்தவர்கள். அவர்களுக்குக் கேட்க வேறு பெரிய கேள்விகள் இருந்தன.

கட்டடம் என்றால் சும்மா கட்டடம் இல்லை, பசுமைக் கட்டடம். குடியிருப்போர் சங்கத்தின் பொது மன்றம். முன்னால் ஒரு பெரிய கூடம், பக்கத்தில் வாசகசாலை, பின்னால் வாரத்தில் இரண்டு நாள் மருத்துவர் வந்து உட்காரும் அறை. சூளையில் வேகாத மண்கல் சுவர், கூரைமேல் புல், மழைத்தண்ணீருக்குத் தொட்டி, இடித்த வீடுகளிலிருந்து வாங்கி இழைத்துப் போட்ட கதவுகள். ஏசி ஒன்றுகூடக் கிடையாது. அதற்குப் பதிலாகச் சுவரின் உச்சியில் சுற்றிலும் இருபத்திரண்டு ஜன்னல்கள், ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு மோட்டார் கை. எல்லா மோட்டாருக்கும் எஜமான், வாசல் பக்கத்து அறையில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டி. வெளியே வெயில் ஏறினால் பெட்டி ஜன்னல்களை மூடும், வெளியே குளிர்ந்தால் திறக்கும். "இந்தக் கட்டடம் தானா மூச்சு விடும்" என்று திறப்பு விழாவில் இன்ஜினியர் சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கு இரண்டு பேர் சுவரில் காதை வைத்துப் பார்த்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று வாசலில் தாள் ஒட்டியபோது வந்து நின்றவள்தான் இவள். வயது ஐம்பத்து மூன்று. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டவள். ஆறு நீராவி மேசைகள் ஒரே நேரத்தில் சீறும் கூடம் அது. எந்த ஜன்னலை எத்தனை மணிக்குத் திறந்தால் மத்தியானத்துக்குள் மயங்கி விழுகிறவர்கள் குறைவார்கள் என்பது அங்கே அவளுக்குத்தான் தெரியும். முதலாளிக்குத் தெரியாது. விழுந்தவர்களுக்கும் தெரியாது. சலவைக்கூடம் மூடியதும் அந்த வித்தை யாருக்கும் வேண்டாத சரக்காக அவளோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில், பெயிண்டர் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த புருஷன். நிற்க முடிந்தது, நடக்கத்தான் ஆள் பிடிக்க வேண்டும். வாரம் தவறாமல் வியாழக்கிழமை அவனை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சங்கத்தின் செயலாளர் தபால் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத எதையும் நம்பாதவர். அவளை உட்காரச் சொல்லாமலே சொன்னார்:

"இங்க பாரும்மா. ஒரு வருஷத்துக்குத் தற்காலிகம். கட்டடம் நல்லா நடந்துச்சுன்னா உன்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி யோசிக்கலாம். அந்தப் பெட்டியை மட்டும் தொடாத. தொட்டா கம்பெனிக்காரன் கைவிரிச்சிடுவான். தொட்டவங்க மறுநாள் இங்க இருக்க மாட்டாங்க."

"சரிங்க சார். வியாழக்கிழமை மட்டும் லீவு வேணும்."

"வாரத்துல ஒரு நாளா? ஏம்மா, கட்டடத்துக்கு லீவு உண்டா? மத்தியானம் ஒரு மூணு நாலு மணி நேரம் போயிட்டு வா. அதுவும் நான் பார்க்காத மாதிரி."

'கட்டடம் நல்லா நடந்துச்சுன்னா.' அந்தச் சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவளுக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிற கை ஒன்றுதான், அதற்கும் ஐம்பத்து மூன்று வயது. கட்டடத்தை நல்லா நடத்திவிட்டால் தீர்ந்தது கதை என்று நினைத்தாள். பாவம், அங்கேதான் சறுக்கினாள். ஆனால் அது தெரிய இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

முதல் இரண்டு மாதம் பெட்டி சொன்னபடி கேட்டது. மூன்றாவது மாதம் கோளாறு ஆரம்பித்தது. அதற்குக் காரணம் பசுமைதான். பசுமைக் கட்டடத்தின் வாசல் பச்சையாக இல்லாவிட்டால் எப்படி என்று செயலாளர் முன்சுவர் நெடுக ஒரு கொடியை நட்டுவைத்திருந்தார். அதற்குப் 'பசுஞ்சுவர்' என்று பெயர் கொடுத்து விருது விண்ணப்பத்தில் நான்கு மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். கொடி மண்சுவரைக் கண்ட சந்தோஷத்தில் தறிகெட்டு வளர்ந்தது. அந்தச் சுவரில்தான் வெளிச்சூட்டை அளந்து பெட்டிக்குச் சொல்லும் சென்சார் விரல் நீளத்துக்கு இருந்தது. மூன்றே மாதத்தில் அது இலைகளுக்குள் புதைந்து போயிற்று. அப்புறம் அதற்கு என்ன குறை? ராத்திரி முழுக்கச் சுவர் விடும் சூட்டையே வெளிச்சூடு என்று சொன்னது; பகலில் நிழலில் குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு, நட்டநடு மத்தியானத்திலும் "வெளியே ஜில்லென்று இருக்கிறது" என்று பெட்டிக்குச் சேதி அனுப்பியது. பெட்டியும் நம்பி இருபத்திரண்டு ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டது. அனல் உள்ளே வந்து உட்கார்ந்தது. வாசகசாலையில் செய்தித்தாளை விசிறியாக்கிக்கொண்டவர்கள், மண்கட்டடம் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

அவள் போய்ச் செயலாளரிடம் சொன்னாள்.

"சார், கொடி அந்தக் குச்சியை மூடிடுச்சு. கொஞ்சம் கத்தரிச்சு விடட்டுமா?"

"கொடியில கை வெச்சா நாலு மார்க் போயிடும்."

"அப்ப அந்தக் குச்சியையாவது இடம் மாத்தச் சொல்லுங்க சார்."

"குச்சியும் பெட்டியும் ஒண்ணு. தொட்டா கம்பெனிக்காரன் கைவிரிச்சிடுவான். உன் வேலை பெருக்கறது, துடைக்கறது. மூளையை அதுக்கு மட்டும் செலவு பண்ணு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? கட்டடம் நல்லா நடக்க வேண்டும், கொடியையும் தொடக்கூடாது, பெட்டியையும் தொடக்கூடாது. சாப்பிடு, ஆனால் வாயைத் திறக்காதே என்கிற மாதிரி. ஒரு முழு நாள் அண்ணாந்து பார்த்தபடி யோசித்தாள். மோட்டார் கையும் ஜன்னலும் சேருகிற இடத்தில் ஒரு சின்ன ஊசி மாட்டியிருந்தது. ஊசியை உருவிவிட்டால் கை தனி, ஜன்னல் தனி. 'பெட்டியைத்தானே தொடக்கூடாதுன்னாரு. ஊசியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே.' மறுநாள் நீளக் கம்பு ஒன்றின் நுனியில் கம்பியைக் கொக்கியாக வளைத்துக் கட்டி, இருபத்திரண்டு ஊசிகளையும் உருவி ஒரு பழைய டீத்தூள் டப்பாவில் போட்டு மூடினாள். கொக்கி வெளியே தெரியாமல் இருக்கத் துணியைச் சுற்றினாள். ஒட்டடையக்கா பிறந்தது அன்றைக்குத்தான்.

அன்றிலிருந்து கட்டடத்துக்குள் இரண்டு அரசாங்கம் நடந்தது. பெட்டி உத்தரவு போடும். மோட்டார் கைகள் இருபத்திரண்டும் வெறுங்காற்றைத் தள்ளிக்கொண்டு பணிவாக நீளும், பணிவாக மடங்கும். ஜன்னல்கள் அசையா. ஜன்னல்களுக்கு அவள் கம்பு போட்டதுதான் சட்டம். சாயங்காலம் பூட்டும்போது எல்லாவற்றையும் திறந்துவிட்டுப் போவாள், இருட்டு முழுக்க மண்சுவர் குளிரைக் குடிக்கும். விடிந்து வெயில் மூஞ்சியைக் காட்டுமுன் ஓடிவந்து அத்தனையையும் அடைப்பாள். கூடத்தில் கூட்டம் சேர்ந்து காற்று கனத்தால், நிழல் விழுந்த பக்கத்தில் மூன்று, எதிர்ப்பக்கத்தில் உச்சியில் இரண்டு. முழங்கை மயிரில் காற்று படுகிற விதத்தை வைத்தே எத்தனை என்று முடிவு செய்வாள். மத்தியானம் சாப்பிட உட்காரும் முக்கால் மணி நேரமும், வியாழக்கிழமை புருஷனோடு போகும் நேரமும்தான் கட்டடம் கொஞ்சம் புழுங்கும். வியாழக்கிழமையும் பாதிச் சிகிச்சையில் அவனை விட்டுவிட்டு, "நீங்க யாரையாவது பிடிச்சுக்கிட்டு மெதுவா பஸ்ல வாங்க" என்று ஓடிவந்துவிடுவாள்.

கூடம் குளிர்ந்தது. வெயில் கொளுத்துகிற நாளில் சொந்த வீட்டு ஏசியை அணைத்துவிட்டு ஆட்கள் வாசகசாலைக்கு வந்தார்கள். ஒருவர் தினமும் ஒரே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். "மண்ணோட மகிமை!" என்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே கம்பு போய்வந்தது. "அக்கா, தூசி விழுது, அப்புறமா அடிங்க" என்றார்கள்.

இன்ஜினியர் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் நேரில் வருவார். மற்றபடி தன் ஊரில் உட்கார்ந்து கணினியில் கட்டடத்தின் நாடி பார்ப்பார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர், ஆனால் திரையில் தெரிவதைத்தான் உலகம் என்று நம்பியவர். திரை அவருக்கு ஓர் அதிசயத்தைக் காட்டியது. பெட்டி உச்சிவெயிலில் ஜன்னல்களைத் திறக்கிறது, உள்ளே குளிர்கிறது. விடியற்காலையில் ஜன்னல்களை மூடியே வைத்திருக்கிறது, அப்போதும் குளிர்கிறது. படித்த படிப்புக்கே இது எதிர். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பின் அவருக்கு வெளிச்சம் பிறந்தது. மண்சுவர் நடுப்பகல் அனலை உள்வாங்கித் தலைகீழாக மாற்றுகிறது! அதற்கு 'எதிர்மூச்சு' என்று பெயர் வைத்து நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார். பெட்டியின் கட்டளை நிறைவேறியதா என்று ஜன்னலை அண்ணாந்து பார்க்கும் பகுதி அந்த நாற்பது பக்கத்தில் எங்கும் இல்லை.

எதிர்மூச்சின் புகழ் பரவி, வட்டாரத்தின் சிறந்த பசுமைக் கட்டடத்துக்கான விருதுக்கு மன்றத்தின் பெயர் மேலே வந்தது. செயலாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்: "விருதே வரப்போகுதாம். கட்டடம் நல்லா நடக்குதுன்னு ஊரே சொல்லுது. இனிமே நிரந்தரம் பண்ணாம இருக்க முடியாது."

அவன் சுவரில் சாய்ந்தபடி காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தான். "யார் நல்லா நடத்துறதா சொல்றாங்க? நீயா, கட்டடமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"வீடு தானாவே கூட்டிக்குதுன்னு பேர் வாங்கிட்டா, துடைப்பத்தை யாரு காசு குடுத்து வெச்சுக்குவா?"

"உங்களுக்கு எப்பவுமே விளக்கெண்ணெய் குடிச்ச பேச்சுதான்" என்று எழுந்து போய்விட்டாள்.

நடுவர்கள் மூன்று பேர் வருகிற நாளும் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. அன்று அவள் ஐந்து மணிக்கே வந்து தன் முழு வித்தையையும் இறக்கியிருந்தாள். வெளியே தார் உருகுகிற வெயில், உள்ளே வந்தவர்கள் சால்வையைத் தேடினார்கள். தலைமை நடுவர் வயதான அம்மா, கண்ணாடியை மூக்குநுனியில் வைத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவர். சுவரைத் தொட்டுப் பார்த்தார், கதவை மோந்துகூடப் பார்த்தார். ஒட்டடையக்கா தண்ணீர்த் தம்ளர்த் தட்டோடு பின்சுவரோரம் நின்றாள்.

செயலாளர் வரவேற்றுப் பேசினார். "இந்தக் கட்டடத்துக்கு மனுஷக் கையே தேவையில்ல. தானா திறக்குது, தானா மூடுது, தானா குளிருது. அதனால சங்கம் ஒரு முடிவு எடுத்திருக்கு. அடுத்த மாசத்துலேருந்து பராமரிப்புக்குன்னு தனி ஆள் கிடையாது. வாரம் ரெண்டு தடவை பெருக்க ஆள் வந்தா போதும். மிச்சமாகுறதுல இன்னும் ஒரு சுவருக்குக் கொடி நடப்போறோம்!"

கைதட்டல் எழுந்தது. எட்டு மாதம் கம்பைப் பிடித்துத் தோள்பட்டை இறங்கிப்போனது இதற்குத்தானா? தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறாள். அதை இத்தனை கண்ணும் கருத்துமாக, தினமும் இருபத்திரண்டு ஜன்னல் வழியாக வாரிப் போட்டுக்கொண்டவள் தான் ஒருத்திதான் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்ஜினியர் விளக்கை அணைத்து, திரையில் வரைபடத்தைக் காட்டினார். பதினொரு மாதத்தின் சூடு சிவப்புக் கோடாக ஓடியது. "கீழ இருக்குற ஒவ்வொரு கட்டமும் ஒரு நாள். கோடு ஏறினா உள்ள சூடு, இறங்கினா குளிர். பாருங்க, எவ்வளவு அமைதியா ஓடுது."

அவளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. ஆனால் கட்டத்துக்குக் கீழே தேதியும் கிழமையும் போட்டிருந்தது, அது தெரியும். கோடு தினமும் ஓர் இடத்தில் லேசாக மூக்கைத் தூக்கியது. அவள் சாப்பிடும் நேரம். ஏழு கட்டத்துக்கு ஒரு முறை கொஞ்சம் உயரமாகத் தூக்கியது. வியாழக்கிழமை. ஓர் இடத்தில் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மேலே நின்றது. காய்ச்சலோடு தள்ளாடிக்கொண்டு வேலைக்கு வந்த வாரம். அப்புறம் ஓரிடத்தில் கோடு மூன்று நாள் மலைபோல ஏறி இறங்கியது. அந்தத் தேதிகள் அவளுக்கு மறக்காது. சாயங்காலம் ஜன்னலைத் திறக்கக்கூட நேரமில்லாமல் போட்டது போட்டபடி ஓடிய நாள். அவளைத் தூக்கி வளர்த்த அக்கா செத்துப்போனதை இந்தக் கூடத்தில் ஒருவரும் விசாரிக்கவில்லை. சுவர் மட்டும் எழுதி வைத்திருந்தது.

நடுவரம்மாவின் விரலும் அதே இடத்தைக் காட்டியது. "இந்த மூணு நாள் என்ன ஆச்சு?"

"அதுதான் மேடம் ரொம்ப சுவாரசியம்" என்றார் இன்ஜினியர். "மண்சுவர் பல மாசம் உழைச்ச பிறகு சில நாள் ஓய்வெடுத்துக்குது. இதைக் கட்டடத்தோட உறக்கம்னு சொல்றோம். என் கட்டுரையில இதுக்குத் தனியா ஒரு பகுதியே இருக்கு."

"அது உறக்கம் இல்ல சார்."

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கே தன் குரல் யாருடையதோபோல் இருந்தது.

"அது எங்க அக்கா செத்துப்போன மூணு நாளு. நான் வேலைக்கு வரல."

செயலாளர் எழுந்துவிட்டார். "ஏம்மா, தண்ணி குடுத்தாச்சுல்ல? போ அந்தப் பக்கம்."

"இருங்க" என்றார் நடுவரம்மா. "அவங்க வரலைன்னா கட்டடம் ஏன் சூடாகணும்?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். ஓரமாகச் சாய்த்திருந்த கம்பை எடுத்து, எட்டு மாதமாகச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். கொக்கி வெளியே வந்தது. எல்லோர் தலைக்கும் மேலே கம்பை நீட்டி ஒரு ஜன்னலைத் திறந்தாள், பிறகு மூடினாள். சரியாக அதே நேரம், கொடிக்குள் இருந்த சென்சாரின் கணக்கில் வெளியே 'குளிர்ந்துவிட்டது.' இருபத்திரண்டு மோட்டார் கைகளும் உறுமிக்கொண்டு நீண்டன. ஒரு ஜன்னலும் அசையவில்லை. கைகள் அந்தரத்தில் நின்றன, மறைக்கத் துணியில்லாத வெட்கக்கேடாக.

நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் மேலே பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

அன்று மாலை சங்கத்தில் பெரிய களேபரம். "இத்தனை நாள் நம்மளை ஏமாத்தியிருக்கா!" என்று அதிகமாகக் கத்தியவர் வாசகசாலையில் தினமும் தூங்குகிறவர். தூங்குகிறவரைக் குளிர வைத்தது அவருக்குத் தெரியாமல் செய்த குற்றமாம். செயலாளர் அவளை அன்றே அனுப்பிவிடத்தான் பார்த்தார். ஆனால் நடுவர்கள் ஒரு சிக்கலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கட்டடம் குளிர்ந்தது நிஜம், அளவுகள் நிஜம், அதனால் விருது உண்டு. ஆனால் விதிப்படி, குளிர வைக்கிற உறுப்புகள் எல்லாம் கருவிப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இருப்பதை எழுதி இருபது நாளைக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் விருது அடுத்த கட்டடத்துக்கு.

இன்ஜினியர் டப்பாவிலிருந்து ஊசிகளை வாங்கி எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். ஒரு வாரம் பெட்டியின் ஆட்சி நடந்தது. கூடம் சூளையாயிற்று. கொடியை வெட்டலாம் என்றால் நாலு மார்க். சென்சாரை மாற்றலாம் என்றால் கம்பெனியிலிருந்து ஆள் வர நாலு மாதம். எட்டாவது நாள் அவரே ஏணிபோட்டு ஏறி ஊசிகளை உருவினார். அவளைக் கூப்பிட்டு அலுவலக அறையில் உட்கார வைத்தார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. செயலாளரும் இருந்தார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார் இன்ஜினியர். "நான் ஒரு நாளாவது மேல பார்த்திருக்கணும்." நாற்பது பக்கம் போன துக்கம் முகத்தில் அப்படியே இருந்தது. அவளுக்கே பாவமாகப் போயிற்று. "பட்டியல்ல ஆளுங்களைச் சேர்க்க இடம் இல்ல, கருவிங்க மட்டும்தான். பதிமூணு உருப்படி ஏற்கெனவே இருக்கு. உங்களைப் பதினாலாவதா போட்டுட்டா விருதும் நிலைக்கும், உங்க வேலையும் நிலைக்கும். பட்டியல்ல இருக்கறதை எடுக்கணும்னா அவங்க அனுமதி வேணும், சங்கத்தால முடியாது. உங்களுக்குச் சம்மதமா?"

"அப்ப நான் நிரந்தரமா?"

"தண்ணித் தொட்டி எவ்வளவு நிரந்தரமோ அவ்வளவு."

தொட்டிக்கும் தனக்கும் இந்தக் கட்டடத்தில் யார் ஒசத்தி என்று பார்த்தால் இதுவரை தொட்டிதான். "சரி, எழுதுங்க" என்றாள்.

இன்ஜினியர் கட்டம் கட்டமாகப் படித்து நிரப்பினார். உருப்படி: காற்றோட்டச் சீரமைப்பு, கைவழி. எண்ணிக்கை: ஒன்று. மின்சாரச் செலவு: இல்லை. அந்த இடத்தில் அவர் வாயைப் பிளந்தார். பட்டியலிலேயே முழு மார்க் வாங்கியது பதினாலாவது உருப்படிதான். பழுது வரலாறு: காய்ச்சல், ஒரு தடவை.

"தயாரிச்சவங்க பேருன்னு ஒரு கட்டம் இருக்கு..." என்று இழுத்தார்.

அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"ஆயுட்காலம். இன்னும் எத்தனை வருஷம்னு போடணும்."

அவளுடைய அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயதிலேயே முடிந்துபோயிற்று. "அதைக் காலியா விட்டுடுங்களேன்."

"காலியா விட்டா படிவம் ஏத்துக்காதுக்கா."

"அப்ப தொட்டிக்கு என்ன போட்டிருக்கீங்களோ அதையே போடுங்க."

தொட்டிக்கு நாற்பது வருடம் போட்டிருந்தது. அவர் நாற்பது என்று எழுதினார். செயலாளர் திரும்பிப் பார்த்தார்.

"கடைசியா, பராமரிப்பு நேரம். வாரத்துல ஒரு நாள் முழுசா நிறுத்தி வைக்கணும். எந்தக் கிழமைன்னு சொல்லுங்க."

"ஒரு நாள் முழுசாவா?" என்று செயலாளர் பதறினார். இல்லை, அவளுக்காகப் பதறவில்லை. "நிறுத்தலைன்னா என்ன ஆகும்?"

"பராமரிப்பு நாள் இல்லாத கருவியை அவங்க ஏத்துக்கவே மாட்டாங்க சார். ஓயாம ஓட விட்டா சீக்கிரம் கெட்டுடும்ல. வருஷத்துக்கு ஒரு தடவை முழுச் சோதனையும் உண்டு, அதுவும் சங்கத்தோட பொறுப்பு."

"அப்படின்னா சரி. பொருள் கெட்டுப்போயிடக்கூடாதில்ல" என்று செயலாளர் அடுத்த நொடியே கையெழுத்துப் போட்டார். இதே மனிதரிடம் இதே வியாழக்கிழமையை அவள் பதினொரு மாதத்தில் ஆறு தடவை கேட்டிருந்தாள். மனுஷியாகக் கேட்டபோது கட்டடத்துக்கு லீவு உண்டா என்றவர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்கிற ஆத்திரமும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "வியாழன்" என்றாள்.

விருது வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார்கள். விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிடவில்லை, மோட்டாரையும் கூப்பிடவில்லையே என்று இன்ஜினியர் அசட்டுச் சிரிப்போடு சமாதானம் சொன்னார். தூங்குகிறவர் மறுபடி வந்து தூங்கினார்.

அடுத்த வியாழக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. சிகிச்சைக்கூடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே புருஷன் ஓர் அடி, இன்னோர் அடி என்று நடந்துகொண்டிருந்தான். அவள் பக்கத்திலேயே பின்னோக்கி நடந்தாள். எப்போதும் இந்த நேரத்துக்கு அவள் பஸ்ஸில் இருப்பாள், கடைசி நடையை அவன் தனியாகத்தான் நடப்பான். கைப்பேசி அடித்தது. செயலாளர்.

"எங்கம்மா இருக்க? கூடம் கொதிக்குது! உள்ள உட்கார முடியல. மாநகராட்சியிலேருந்து விருந்தாளிங்க விருதுக் கட்டடத்தைப் பார்க்க வந்திருக்காங்க. உடனே வா!"

"முடியாது சார். பதினாலாம் நம்பருக்கு இன்னைக்குப் பராமரிப்பு. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

"ஏம்மா, ஒரு அரை மணி நேரம்..."

"ஓட விட்டா கெட்டுடும் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புருஷன் குழாயைப் பிடித்தபடி நின்றான். "யாரு? என்னவாம்?"

"வேலை செய்யற இடத்துல ஒரு மெஷின் நின்னுபோச்சாம்" என்றாள். "நீங்க நடங்க, நான் இருக்கேன்."